எரியுதா?

அந்தத் தெருவில் யார் கையைச் சுட்டுக்கொண்டாலும் முதலில் வந்து தட்டுவது கற்றாழைக்காரி வீட்டுக் கதவைத்தான். பால்கனி முழுக்கக் கற்றாழைத் தொட்டிகள். மடலை அறுத்து, மஞ்சள் பாலை வடியவிட்டு, உள்ளிருக்கும் வழுவழுப்பான சோற்றை வழித்து, பச்சிலைச் சாறும் எண்ணெயும் சேர்த்து அவள் காய்ச்சி இறக்கும் பச்சை மருந்து சின்னச் சூட்டுக் காயங்களைச் சொன்னபடி கேட்கவைக்கும். ஆனால் புட்டியைச் சுலபத்தில் எடுத்து நீட்டிவிட மாட்டாள். காயத்தை நெடுநேரம் குழாய்த் தண்ணீரில் காட்டச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "எரியுதா?"

"உயிர் போகுதுக்கா" என்றால் மருந்து உண்டு. "ஒண்ணும் தெரியலக்கா" என்றால் கிடையாது; ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வாள். எரிச்சல்கூடத் தெரியாத அளவுக்கு வெந்துபோன இடத்தில் தன் மருந்துக்கு வேலையில்லை என்பது அவளுக்குத் தெரியும். கெஞ்சினாலும் நடக்காது, கோபித்துக்கொண்டு போனாலும் கவலைப்பட மாட்டாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம் என்று தெருவில் பேர்.

ஊரில் எல்லாரிடமும் கேட்டவள், தன் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் விட்டாள்.

அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். முந்தாநாள் கொதிக்கிற சர்க்கரைப் பாகு அவருடைய வலது புறங்கையில் கொட்டிவிட்டது. வேலை செய்யும் இடத்திலும் பெண்டாட்டியின் புட்டி ஒன்றை வைத்திருக்கும் பெருமைக்காரர் ஆயிற்றே! தண்ணீர்கூடக் காட்டாமல் மருந்தை அள்ளி அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "சின்னச் சூடுதான், நீ உன் வேலையப் பாரு" என்றார். அவளும் "மருந்து போட்டீங்களா?" என்று கேட்டதோடு சரி. அன்றிலிருந்து பூச்சுக்கு மேல் பூச்சாக அவரே போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று மதியம் தம்ளரை எடுக்கப் போனவருக்கு விரல்கள் மடங்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"துளிக்கூட இல்ல. உன் மருந்துன்னா சும்மாவா? அன்னிக்கே வலி போயிடுச்சு."

கேட்டதும் அவளுக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துணிய அவிழுங்க."

"அதான் ஆறிட்டு வருதே."

"அவிழுங்கன்னா!"

உள்ளே மருந்து காய்ந்து கெட்டியாக மூடியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைதான். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரைத்தாள். கரையக் கரைய அடியில் சிவப்பு தெரியும் என்று காத்திருந்தாள். சிவக்கவில்லை, கொப்புளமும் இல்லை. மெழுகு மாதிரி வெளுத்த தோல். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் விரலை வைத்து அழுத்தினாள்.

"எரியுதா?"

"தொட்டுட்டியா என்ன?" என்றார் அவர், திரும்பாமலே.

அந்தக் கையை நம்பித்தான் அவர் பிழைப்பு. பிசைந்த மாவை விரலால் அமுக்கிப் பதம் சொல்கிற கை அது.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "முன் ரூம்ல ரெண்டு பேர் உன் மருந்துக்காக உக்காந்திருக்காங்க. சொந்தப் புருஷனையே நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா, நாளைக்கு உன் மருந்த யார் தொடுவா? ரெண்டு நாள் பொறு, எனக்காக."

"யாரும் தொட வேணாம், தூக்கிக் குப்பையில போடுறேன். எனக்கு உங்க கை வேணும்!"

சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி அவரை முன்னறை வழியாகவே கூட்டிக்கொண்டு வந்தாள். காத்திருந்தவர்களில் மூத்தவள் எழுந்தாள். "என்னக்கா, உங்க மருந்துக்கே கேக்கலையா?"

"மருந்து போட்டதே தப்பு. வெந்தது தெரியாம அது மூடி வச்சிருச்சு. இதுக்கெல்லாம் என் மருந்து ஆகாது." தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இளையவள் மட்டும் சுட்ட விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளையும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டினாள் கற்றாழைக்காரி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மிச்சமிருந்த பச்சையைத் துடைத்தபடி முகம் சுளித்தார். "என்னத்தப் போட்டீங்க?" அவள் ஒன்று விடாமல் சொன்னாள். "உடனே தண்ணியில காட்டியிருக்கணும், அன்னிக்கே வந்திருக்கணும்" என்று திட்டு விழுந்தது. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவரோ, "அவளத் திட்டாதீங்கம்மா, நான்தான்" என்று ஆரம்பித்தார்.

டாக்டரம்மா ஊசி முனையால் புறங்கையின் நடுவில் குத்தினார். வீட்டுக்காரர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினார். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. கற்றாழைக்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி விரல் மூட்டுகளை நோக்கி நகர்ந்தது.

"ஐயோ! அம்மா, எரியுது!" என்று அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே எட்டிப் பார்த்தது.

"நடுவுல வேற எடத்துத் தோல எடுத்து வைக்கணும்" என்றார் டாக்டரம்மா. "விரல் பக்கம் உயிர் இருக்கு. நாளாகும், ஆனா மடக்கலாம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் வலியில் பல்லைக் கடித்தபடி, "அதான் கை பொழைச்சிருச்சே, எதுக்குடி அழற?" என்றார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த?"

"எரியுதுன்னு."