காலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட்

தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு வடிவாம்பாள் என் காதோரம் வந்து நின்றபோதே, ஏதோ வில்லங்கத்தோடுதான் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அவள் வீட்டுக்காரன் பழனி, டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கிறவன். யார் யாரோடு படத்துக்கு வந்தார்கள் என்கிற சமாச்சாரமெல்லாம் படம் முடிவதற்குள் இவளிடம் வந்து சேர்ந்துவிடும்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதே. உங்க வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழமையானா இங்கிலீஷ் படத்துக்கு ரெண்டு டிக்கெட் வாங்கிக்கினு போறாராம். பெஞ்சுகூட இல்ல, சேரு!"

"கூட யாருனா சிநேகிதக்காரரு வந்திருப்பாரு. இதுக்கின்னா இப்போ?"

"யாருன்னுதான் தெரியலியாம். எங்க வூட்டு ஆளு வாசல்ல நிக்கறவரு, உள்ள இருட்டுல யாரு கண்டா? பக்கத்து சேரு பக்கம் சாஞ்சிக்கினு குசுகுசுன்னு பேசிக்கினே இருக்கறாருன்னு சோடா விக்கறவன் சொன்னானாம்."

"உன் குடம் வழியுது, அதப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்தான் சொன்னது.

இன்னொருத்தி என்பதைவிட, 'பேசிக்கினே இருக்கறாரு' என்றதுதான் என்னைத் தின்றது. எங்கள் வீட்டில் அந்த மனிதர் பேச்சை விட்டு ஆறு மாதம் ஆகிறது. தலைப்பிரசவத்துக்கு வந்த இடத்தில் கண்ணை மூடிய எங்கள் ஒரே பெண் ஏலவார்குழலியை, வயிற்றில் இருந்ததோடு சேர்த்து வண்டியில் ஏற்றித் தாமலுக்கு, புருஷன் வீட்டுக்கு, அனுப்பினோமே, அன்றைக்கு விட்டது. நான் மார்பில் அடித்துக்கொண்டு புரண்டேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. காரியம் முடிந்து தறியில் உட்கார்ந்தார். புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால் ஒரு ஆளால் நெய்ய முடியாது, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அது குழலியின் இடம். கல்யாணமாகி அவள் போனபிறகு நான் உட்கார்ந்தேன். இந்த ஆறு மாதத்தில் 'போடு', 'நிறுத்து', இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த வார்த்தைகள்.

அவள் இருந்தபோது அந்தத் தறியடியில் என்ன பேச்சு, என்ன சிரிப்பு! சின்ன வயதிலிருந்தே அவளைக் காலைக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போவார். இரண்டு பேருக்கும் இங்கிலீஷில் ஒரு அட்சரம் தெரியாது. வெள்ளைக்கார நட்சத்திரங்களுக்கெல்லாம் இவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள். எப்போதும் பாதிக் கண் மூடியிருக்கிறவள் தூக்கக்காரி. உதட்டில் சுருட்டோடு முறைக்கிறவன் முறைப்பு மாமா. "நம்மாளு அழுதா தெருக்கோடிக்குக் கேக்கும். தூக்கக்காரி அழுதா பக்கத்துல நிக்கறவனுக்கே தெரியாது கண்ணு, அதான் நடிப்பு" என்பார். பார்த்த கதையே வாரம் முழுக்க ஓடும். "வேலையப் பாருங்க ரெண்டு பேரும்" என்று அடுப்படியிலிருந்து நான் கத்துவேன்.

அப்படிப்பட்ட வாய் எனக்கு மட்டும் பூட்டிக்கொண்டு, வேறு எவளிடமோ திறக்கிறதா? வரட்டும் ஞாயிற்றுக்கிழமை, கையும் களவுமாகப் பிடித்துத் தெருவில் நிறுத்தாவிட்டால் நான் தில்லையம்மாள் இல்லை என்று கறுவிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். "இன்னாமா, இங்கிலீஷ் படமா?" என்று ஒருவன் இளித்தான். பழனி என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்தான்.

உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்துப் படமோ, கறுப்பு வெள்ளை, திரை முழுக்க மழைக்கோடு. கண் பழகியதும் நாற்காலி வரிசையில் அவர் தலை தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. ஒரு துண்டு கிடந்தது. அவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தார்.

திரையில் பெரிய மாடிப்படி. மேலே ஒருத்தி வந்து நின்றாள், தரையைக் கூட்டுகிற மாதிரி நீண்ட கவுன். பாதிக் கண்ணைப் பார்த்ததும் தூக்கக்காரி என்று தெரிந்துகொண்டேன்.

"கண்ணு, இது மயில்கழுத்து" என்றார் அவர், காலி நாற்காலியிடம். "மடிப்புல பச்ச ஓடுது பாரு. நீ மாந்துளிருன்னுவே. இரு, கீழ வரட்டும்."

படத்தில் நிறமே கிடையாது. அந்தக் கவுனுக்கு என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? தகப்பனும் மகளும் வாரா வாரம் அதற்கு நிறம் சொல்லி விளையாடியிருக்கிறார்கள். கொண்டு வந்த கோபமெல்லாம் அப்படியே வடிந்துபோயிற்று.

காலி நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. அதை விட்டு அடுத்ததில் போய் உட்கார்ந்தேன். அவர் திடுக்கிடவில்லை.

"நீ எங்க இங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசினீங்களா? நான் இன்னா கல்லா? அவ எனக்கும் பொண்ணுதானே?"

"உங்கிட்ட பேசினா அவ பூட்டான்னு ஆயிடும் தில்ல. இங்க இருட்டுல... இருக்கறாப்புல இருக்குது."

"படத்தப் பாக்க உடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் திரையைக் காட்டினார்.

"சரி. நீ சொல்லு. இன்னா கலரு?"

பார்த்தேன். வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு மடிப்பில் மட்டும் மினுக்குகிற கருமை. யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"அரக்கு."

அவளுடைய கூறைப்புடவை அரக்கு. ராப்பகலாக உட்கார்ந்து அவரே நெய்தது. சுமங்கலியாகப் போனவளுக்கு அதையே சுற்றித்தான் வண்டியில் ஏற்றினோம்.

"வேணாம். வேற சொல்லு."

"வேற இன்னாங்க சொல்றது? அரக்குதான். உங்க கையால நெய்தது."

"சொல்லாதே தில்ல."

"நல்லா இருந்துச்சிங்க அவளுக்கு."

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துண்டை இழுத்து இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டார். உடம்பு குலுங்கியது. அப்போதுதான் தெரிந்தது, அத்தனை நேரமும் அவர் ஒரு கையால் அந்த நாற்காலியை அழுத்திப் பிடித்திருந்திருக்கிறார். கை விலகியதும் அதன் மடக்குப் பலகை டப்பென்று மேலே எழும்பி மூடிக்கொண்டது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கையை நீட்டி அதைக் கீழே இறக்கி, அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தூக்கக்காரி இன்னும் படி இறங்கிக்கொண்டிருந்தாள்.