போன் வந்தால் நிற்கும் வாத்துகள்

அண்ணிக்குப் போன் வராத நேரம் என்று ஒன்று கிடையாது. குளிக்கப் போனால் வரும், சாப்பிட உட்கார்ந்தால் வரும். வந்த போனை எடுக்காமல் விடுவது அவர் கணக்கில் மகா பாவம். தம்பி பெண்டாட்டிக்குச் சாப்பாடு கொண்டுவந்த அந்த மனுஷியின் போனில்தான், சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவள் தன் புது விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள்.

அண்ணி, அதாவது அவள் கணவனின் அக்கா, அவளுக்கு வைத்த பெயர் கம்ப்யூட்டரம்மா. இருந்த வேலையை விட்டுவிட்டு, சுருள்முடி என்று எல்லோரும் கூப்பிடும், படம் வரையும் தோழியோடு மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அவள் உருவாக்கிய விளையாட்டு இது. தாய் வாத்து தன் குஞ்சுகளைச் சாலையைத் தாண்டிக் கூட்டிப்போக வேண்டும். விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனத்துக்காரர் மாலையில் பார்க்க வருகிறார். அவர் வேண்டாம் என்றால் திங்கட்கிழமை பழைய அலுவலகத்துக்கே திரும்பி, பில் போடும் மென்பொருளோடு மாரடிக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏம்மா, என் குஞ்செல்லாம் எங்க?" என்றார் அண்ணி.

"வண்டியில அடிபட்டிருக்கும் அண்ணி. மறுபடி ஆடுங்க."

"ஒரு வண்டியும் வரல. சித்தி கூப்பிட்டாங்க, பேசிட்டு வந்து பாக்கறேன், வெறும் ரோடுதான் இருக்கு."

"நீங்க எதையாவது அழுத்தியிருப்பீங்க."

அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நான் ஒண்ணையும் அழுத்தல. உன் வாத்துக்குத்தான் பொறுமை இல்ல!"

கம்ப்யூட்டரம்மா போனை வாங்கி ஆடினாள். நடுவில் சுருள்முடியை விட்டுக் கூப்பிடச் சொன்னாள். பேசிவிட்டுத் திரும்பினால், அட கடவுளே, ஒரு குஞ்சுகூட இல்லை!

இத்தனை நாள் இது ஏன் கண்ணில் படவில்லை? சோதனைப் போன்கள் ஒன்றிலும் சிம் கிடையாது. சொந்தப் போனை வாசல் மேஜை டிராயரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வேலை கெடக்கூடாது என்று அவளே போட்ட சட்டம், அதில் அவளுக்குப் பெருமை வேறு. தொந்தரவே இல்லாமல் வளர்ந்த விளையாட்டுக்குத் தொந்தரவைச் சமாளிக்கத் தெரியவில்லை.

காரணம் சின்னதுதான். திரும்பி வந்ததும் விளையாட்டு கடிகாரத்தைப் பார்க்கும். சித்தியோடு பேசிய நேரம் முழுவதற்கும் குஞ்சுகளை ஒரே தாவாகத் தாவ வைக்கும். அவை திரையைத் தாண்டி எங்கேயோ போய்விழும். போன் வந்து ஆட்டம் திரைக்குப் பின்னால் போனதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இடையில் போன நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதே என்று அவள் நிரலில் எழுதினாள். திரும்பியதும் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டுத் தொடரும்படியும் செய்தாள்.

அண்ணியிடம் மறுபடி கொடுத்தாள். அவர் அக்காவிடம் பேசினார், போட்டோ எடுத்து அனுப்பினார், ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்தார். பிறகு, "ஐயோ, முதல்லேருந்து ஆரம்பிக்குதே!" என்று அலறினார்.

"போன்ல இடம் பத்தலன்னு அதுவே ஆட்டத்தை மூடிடுச்சு," என்றாள் சுருள்முடி.

பின்னால் போகும் அந்த நொடியிலேயே ஆட்டத்தைச் சேமித்துவிட வேண்டும் என்று அதையும் எழுதினார்கள். பிறகு கம்ப்யூட்டரம்மா தன் சட்டத்தைத் தானே மீறி, சொந்த சிம்மைச் சோதனைப் போனில் போட்டாள். அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு விடாமல் கூப்பிட்டார். வாய் ஓயாத நாத்தனாரை இவ்வளவு ஆசையாக எந்தப் பெண்ணும் பேசச் சொல்லியிருக்க மாட்டாள்.

அரக்கப்பரக்க வேலை முடிவதற்கும் வெளியீட்டாளர் வருவதற்கும் சரியாக இருந்தது. சிரிப்பே வராத முகம். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மாதிரி நிறைய வருது," என்று இழுத்தார்.

அப்போது பார்த்து அவர் கையிலிருந்த சோதனைப் போன் அடித்தது. சோதனை முடிந்தது என்று அண்ணிக்கு யாரும் சொல்லவில்லை! வாத்தை விரட்டிக்கொண்டிருந்த வெளியீட்டாளரின் விரல் பச்சைப் பொத்தானில் பட்டுவிட்டது.

"என்ன, வாத்து நிக்குதா, ஓடிப்போச்சா?" அண்ணியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

கம்ப்யூட்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியீட்டாளர் திருதிருவென விழித்தார். பிறகு, "இருங்க, பாத்துச் சொல்றேன்," என்று ஆட்டத்தைத் திறந்தார். தாய் வாத்தும் குஞ்சுகளும் விட்ட இடத்திலேயே நின்றன. "நிக்குதுங்க."

"ஒண்ணு விடாம எண்ணிப் பாருங்க!"

அவர் எண்ணினார். "எல்லாம் இருக்குங்க."

சொல்லிவிட்டு அவர் அந்தக் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு வெளியூர்ல படிக்கிறா," என்றார். "விளையாடிட்டு இருக்கும்போது கூப்பிட்டா எடுக்க மாட்டா. எடுத்தா ஆட்டம் போயிடும்பா, அப்புறம் நானே கூப்பிடறேன்னு சொல்லுவா. மறந்துடுவா." போனை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "இதை நாங்க வெளியிடறோம். முதல்ல அவளுக்கு அனுப்பிடுங்க."

கம்ப்யூட்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுருள்முடி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் போனை வைக்காத அண்ணி படியிலிருந்து கத்தினார்: "அனுப்பிட்டு சும்மா இருக்காதீங்க. இப்பவே அவளைக் கூப்பிடுங்க, எடுப்பா!"