பதினெட்டுப் பாயிண்ட் காற்று

வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டதும், அங்கே புத்தகம் கட்டிக்கொண்டிருந்த பைண்டர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியோடு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இரண்டு மாதம் என்று சொல்லி வந்தது ஏழு மாதமாகிவிட்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று இரண்டாவது வாரமே சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தான் மச்சான், அவன் மனைவியின் அண்ணன். மாமனார் சிரிக்க மாட்டார். அவர் கோபம் வேறு மாதிரி. பெற்ற மகனையே ஒரு தவறுக்காக ஆறு மாதம் தன் கடைப் பக்கம் வராதே என்று தெருவில் நிறுத்தியவர்.

ஒரு திங்கட்கிழமை காலை குழாயில் தண்ணீர் விக்கி விக்கி வந்தது. பின்னறையில் பிரஷர் டேங்கோடு இருந்த, மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் 'டக் டக்' என்று ஓயாமல் அடித்துக்கொண்டது. கிணற்றுக்குள் இருந்த மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று மச்சான் கேட்டதற்கு, மாப்பிள்ளை சும்மாத்தானே இருக்காரு, பாக்கட்டும் என்றார் மாமனார்.

பைண்டருக்கு அந்தச் சொல் சுடவில்லை. அந்த வீட்டில் முதல் தடவையாக அவனை நம்பி ஒரு வேலை வந்திருக்கிறது. அச்சக இயந்திரங்களோடு பதினைந்து வருடம் பழகிய கை. மின்சாரத்தை நிறுத்தி, பிரஷர் டேங்கிலிருந்த தண்ணீரை முழுக்க வடித்தான். டேங்கின் தலையில் சைக்கிள் டியூபில் இருப்பது போல ஒரு வால்வு. காற்று அளக்கும் மீட்டரை அதில் வைத்தான். முள் அசையவே இல்லை. பதினெட்டுப் பாயிண்ட் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். உள்ளே காற்று இல்லாவிட்டால் தண்ணீரை அழுத்தித் தள்ள ஆள் இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் எடுத்தாலும் மோட்டார் ஓடியாக வேண்டும். கைப்பம்பால் அடித்து நிரப்பினான். சட்டை தொப்பலாக நனைந்தது. மதியம் குழாய் பழையபடி சீறியது. மாமனார் முகம் கழுவிவிட்டு, பரவாயில்லையே என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி டக் டக்.

வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான், ஒரு குமிழிகூட இல்லை. உள்ளே ரப்பர் பை கிழிந்திருக்குமோ என்று வால்வின் ஊசியை அழுத்தினான். கிழிந்திருந்தால் தண்ணீர் வரும், வரவில்லை. புதன்கிழமை பிரஷர் சுவிட்சைக் கழற்றி, எறும்பு செத்து ஒட்டியிருந்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்தான். விரல் நகம் பெயர்ந்தது. ஒவ்வொரு நாளும் மாலையில் சரியாகும், காலையில் கெடும். இன்னைக்கு டாக்டர் என்ன சொல்றாரு, பேஷண்ட் பிழைக்குமா என்று மச்சான் கேட்க, மேசையில் சிரிப்பு எழும். மனைவியும் சிரித்தாள். பைண்டரும் சிரித்து வைத்தான்.

வியாழக்கிழமை காற்று அடித்து முடித்ததும் வால்வு மூடியைச் சுற்றிப் பைண்டிங் நூலால் இரண்டு கட்டுப் போட்டான். வெள்ளிக்கிழமை காலை நூல் அறுந்து தரையில் கிடந்தது.

மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, யாரோ வேண்டுமென்றே காற்றைப் பிடுங்கி விடுகிறார்கள் என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனான்.

"இப்பதான் கண்டுபிடிச்சீங்களா? முதல் நாள் நிஜமாவே போச்சு. அப்புறம் அண்ணன்தான், சும்மா விளையாட்டுக்கு. நீங்க சோப்பு தடவுறதைப் பாத்து எங்களுக்கு வயிறே புண்ணாயிடுச்சு."

உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றாள்.

அன்று மதியமே மோட்டார் நின்றுவிட்டது. காற்றடித்தும் ஓடவில்லை. மெக்கானிக் வந்து ஒயரை அளந்து பார்த்துவிட்டு, உள்ளே செப்புக் கம்பிக் காயில் கருகிவிட்டது என்றார். நிமிஷத்துக்குப் பத்து தடவை ஓடி நின்றால் எந்த மோட்டாரும் தாங்காது, காற்றில்லாமல் நாலைந்து நாள் ஓட்டியிருக்கிறீர்கள் என்றார்.

யார் கை வைத்தது என்று மாமனார் கேட்டார். மச்சான் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பைண்டர், நான் அடித்த காற்றைத் தினமும் ஒருவர் திறந்து விட்டிருக்கிறார் என்றான். யார் என்று அவன் சொல்லவில்லை. அதை அவள் சொல்லட்டும் என்று மனைவியைப் பார்த்தான்.

மாமனாரும் மகளிடம் திரும்பினார். "என்னம்மா சொல்றாரு இவரு?"

"எனக்கென்னப்பா தெரியும்? அஞ்சு நாளா அதைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தது இவருதான்."

கடைசியாகச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மாமனார் மெக்கானிக்கைப் பார்த்து, "சோத்துக்குத்தாங்க ஆளு, வேலைக்கில்ல" என்றார். பிறகு மோட்டார் தொங்கும் குழாயை மேலே இழுக்க இன்னொரு ஆள் எதற்கு, இவரையே பிடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாற்பது அடிக் குழாயை மெக்கானிக்கும் பைண்டரும் இழுத்தார்கள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. பாத்து மாப்பிள்ளை, நீங்களும் உள்ள போயிடாதீங்க என்று மச்சான் நிழலில் நின்றபடி சொன்னான். கிளம்பும்போது மெக்கானிக் பிரஷர் சுவிட்சைத் திறந்து பார்த்து, யாரோ அருமையாகச் சுத்தம் செய்திருக்கிறார்களே என்றார். 

சாயங்காலம் மனைவி அவன் கைக்கு மருந்து கொண்டுவந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டான். அவள் பஞ்சை நனைத்தபடி நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணன் பேரைச் சொல்லியிருந்தா அப்பா அவரை மறுபடி வெளிய நிறுத்தியிருப்பாரு. உங்களைன்னா நாலு வார்த்தையோட போச்சு. உங்களுக்குத்தான் பழகிடுச்சே."

மருந்து எரிந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

புது மோட்டார் இறங்கிய அன்று பின்னறைக்குப் பூட்டுப் போட்டார்கள். கண்டவர்கள் கை வைக்கக் கூடாது என்று மாமனார் சாவியை மகனிடம் கொடுத்தார்.

அடுத்த மாதம் பைண்டருக்கு வேறொரு ஊரில் காகிதக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. வருகிறாயா என்று மனைவியைக் கேட்டான். முதலில் நீங்கள் நிலையாக நில்லுங்கள், பார்க்கலாம் என்றாள். அவன் இரண்டாவது முறை கேட்கவில்லை.