மஞ்சள் சட்டையும் பங்ச்சர் தொட்டியும்

கண்டெடுத்த பொருளை அன்றைய ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில்தான் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சனிக்கிழமைப் பேப்பர் என்றால் பொட்டலத்தைப் பிரிக்கவே விடமாட்டார்கள். கொண்டுவந்தவர் சைக்கிள் மணியை அடிக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. மூன்று கேள்வி மட்டும் கேட்கலாம். பிரித்த பிறகு பொருள் அசல்தான் என்று ஒப்புக்கொண்டால் எல்லாரும் சேர்ந்து "கோல்!" என்று கத்த வேண்டும். சந்தேகம் இருந்தால் கொடி ஏறும். "ஆஃப்சைடு!"

இதையெல்லாம் செய்தவர்கள் சின்னப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். அல்சூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஆம்ப்ரோஸுக்கு ஐம்பது வயது. மிஷன் பள்ளி டிரில் மாஸ்டர் தியோடருக்கு அதற்கும் மேலே. கணக்கு ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிடையரான சீனிவாசராகவன் பேரன் பேத்தி எடுத்தவர். மூவருக்கும் ஒரே பைத்தியம், பழைய கால்பந்து சாமான். காற்றுப்போன பந்து, கிழிந்த டிக்கெட், பட்டாளத்துக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது எறிந்துவிட்டுப் போன பூட்ஸ், எது கிடைத்தாலும் போதும், அந்த வாரம் தூக்கம் கிடையாது.

நாலாவது பைத்தியம் யசோதா. வயது இருபத்திரண்டு. பி.ஏ. முடித்துவிட்டு டெலிபோன் பாக்டரி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் காலேஜுக்குப் போனவர்கள், புரொபசர்கள் வீட்டு அழுக்கு மூட்டையை எடுக்கத்தான் போயிருந்தார்கள். ஐந்து வயதில் அவளும் அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, மைதானத்து ஓரத்தில் எத்தனையோ மேட்ச் பார்த்திருக்கிறாள். பைத்தியம் அங்கே பிடித்தது.

ஆறு மாதமாக அவள் ஞாயிறு தவறாமல் கடைக்குப் போகிறாள். அம்மா துணி வெளுப்பவள் என்பதை மட்டும் அங்கே சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் முதல் ஞாயிறே கிடைத்துவிட்டது.

அன்றைக்கு சீனிவாசராகவன் ஒரு கதை சொன்னார். நாற்பத்தொன்றாம் வருஷத்துக் கோப்பை ஃபைனல். ஒக்கலிபுரம் ரோவர்ஸுக்கும் பட்டாளத்து டீமுக்கும். கொட்டுகிற மழை. எதிராளியின் பூட்ஸ் பட்டு ரோவர்ஸ் கோல்கீப்பர் சின்னப்பாவின் புருவம் பிளந்தது. ரத்தத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே கடைசி நிமிஷத்துப் பெனால்டியைப் பிடித்தார். அந்த மஞ்சள் சட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதாக இருந்தது.

"ஆனா பாருங்கோ," என்று நிறுத்திப் பொடி போட்டுக்கொண்டார் அவர். "வெளுக்கப் போட்ட சட்டைய டோபி முழுங்கிட்டான்! இருபது கழுதை வெச்சிருந்தானாம், எந்தக் கழுதை போட்டுண்டு திரியறதோ!"

எல்லாரும் சிரித்தார்கள். யசோதாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்த் தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஏனென்றால் அந்த டோபி ஆண் இல்லை. பாஞ்சாலி. அவளைப் பெற்றவள். கழுதையும் ஒன்றுதான் இருந்தது. சட்டை தன் கைக்கு வரவே இல்லை என்று பாஞ்சாலி அடித்துச் சொன்னாள், கேட்க ஆளில்லை. கிளப் செக்ரட்டரி "டோபி தொலைத்தது" என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒக்கலிபுரத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் துணியை நிறுத்தினார்கள். குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு தொம்மலூருக்கு வந்தது.

இப்போது சட்டை கிடைத்துவிட்டது!

சனிக்கிழமை சாயங்காலம், பழைய சாமான் விற்கும் சிவாஜிநகர் குஜ்ரியில். மெக்கானிக்குகளுக்கு எண்ணெய் துடைக்க எடை போட்டு விற்கும் கந்தல் குவியலில், காய்ந்து பலகையாகிப்போன மஞ்சள் துணி ஒன்று. தூக்கினால் சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. யசோதா காலரைத் திருப்பினாள். சேராங்கொட்டை மையில் மூன்று புள்ளி, ஒரு கோடு. முன்னால் வெளுத்த சமயங்களில் அம்மா போட்ட குறி. மூன்று புள்ளி ரோவர்ஸ் டீம், ஒரு கோடு கோல்கீப்பர்.

"எங்கிருந்து வந்துச்சு பாய் இது?"

"பென்சன் டவுன்லே ஒரு பங்களா, மேடம். பச்சை கேட்டு, ரெண்டு மாமரம். பெரியவரு மவுத் ஆயிட்டாரு, பசங்க எல்லாம் காலி பண்ணிட்டாங்கோ. லேலோ மேடம், எடுத்துக்கோங்கோ, வெறும் கந்தல்தானே!"

அவள் பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. சிவாஜிநகரிலிருந்து தொம்மலூர் வரை ஓட்டமும் நடையுமாக வந்தாள். வழியெல்லாம் தனக்குத்தானே சிரிப்பு. சேறு இருக்கிறது! டோபி திருடியிருந்தால் வெளுக்காமல் வைத்திருப்பாளா? பதினேழு வருஷத்துச் சேறு அப்படியே இருக்கிறதென்றால் சட்டை டோபிக்குப் போகவே இல்லை. இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்? நாளைக்கு மேசைமேல் போட்டு, அம்மா பெயரைச் சொல்லி, அந்தப் பொடிமட்டைக் கிழவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டு வந்து சொல்லலாம் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

ஞாயிறு காலை பேப்பர் வாங்கக் கடைக்குப் போனாள். விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டே ஆடி அசைந்து திரும்பி வந்தாள். கொல்லையில் கொடியில் ஒரு சட்டை தொங்கியது. எலுமிச்சம்பழ மஞ்சள். பளபளவென்று சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மாஆஆ!"

பாஞ்சாலி திரும்பவில்லை. ஈரக் காலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றிருந்தாள்.

"கட்டிலாண்ட இன்னாவோ நாறுதேன்னு எடுத்துப் போட்டேன்," என்றாள் மெதுவாக. "அலசறப்பதான் குறியப் பார்த்தேன். யசோ, இது எங்கடி கெடச்சுது?"

"சேறும்மா! சேறுதாம்மா சாட்சி! அதப் போயி வெளுத்துட்டியே! உன்ன யாரு வெளுக்கச் சொன்னா?"

"வண்ணாத்தி வீட்ல அழுக்குத் துணிய வெச்சிட்டு, ஏன் வெளுத்தேன்னு கேக்கற. நீ பி.ஏ. படிச்சவளாடி?"

யசோதா துவைக்கிற கல்லின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை. சைக்கிள் கடை, கழுதைக் கதை, ஆறு மாதமாகத் தானும் சேர்ந்து சிரித்தது, எல்லாவற்றையும் கொட்டினாள். பாஞ்சாலி கேட்டுக்கொண்டே சட்டையின் இடது கையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

"அரைமணி நேரமா தேய்க்கறேன், இது மட்டும் போகமாட்டேங்குது," என்றாள். திடீரென்று கொடியிலிருந்து சட்டையை உருவினாள். "அந்தப் பேப்பரக் குடு. சுத்து. நானும் வரேன்."

"ஈரம்மா!"

"இருக்கட்டுமே. நடடி."

பொட்டலம் வழியெல்லாம் சொட்டியது. கடைக்குள் நுழைந்தபோது பேப்பர் கூழாகியிருந்தது. ஆம்ப்ரோஸின் மனைவி நோரா, "அம்மாவா? வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்று பாஞ்சாலிக்கு ஸ்டூல் போட்டு டீ கொடுத்தாள். பாஞ்சாலி வாசலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில், டியூபை முக்கி ஓட்டை பார்க்கிற பங்ச்சர் தொட்டி.

உள்ளே ஏற்கெனவே கூத்து நடந்துகொண்டிருந்தது. தியோடர் கொண்டுவந்த ரெஃப்ரி விசிலை ஆம்ப்ரோஸ் ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை, உள்ளிருந்து ஒரு கரப்பான்பூச்சி வந்தது. "கரப்பானும் முப்பது வருஷத்துதா மாஸ்டர்?" என்று அவர் துப்பிக்கொண்டே கேட்க, "அசல் பீஸ் மேன், ரெண்டும் ஒரே செட்டு!" என்று தியோடர் சத்தியம் பண்ண, விசில் கோல் ஆனது.

அடுத்தது யசோதா. மேசைமேல் பொட்டலத்தை வைத்தாள். தண்ணீர் வழிந்து சீனிவாசராகவன் பக்கம் ஓடியது. அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னம்மா இது சொட்டறது? மீனா?"

"மீன் இல்ல சார். அது முதல் கேள்வி. இன்னும் ரெண்டு இருக்கு."

"எந்த வருஷம்?" என்றார் தியோடர்.

"நாப்பத்தொண்ணு."

மீசையை முறுக்கிக்கொண்டிருந்த தியோடரின் கை நின்றுவிட்டது. "யார் போட்டுது?"

"சின்னப்பா."

மணி அடித்தாள். பேப்பர் பிரியவில்லை, பிய்ந்தது. மஞ்சள் சட்டை வெளியே வந்து மேசைமேல் கிடந்தது. கல்யாணத்துக்குத் தைத்த மாதிரி அவ்வளவு சுத்தம். மூன்று பேரும் பார்த்தார்கள். மெல்ல, ரொம்ப மெல்ல, சீனிவாசராகவனின் கை கொடியைத் தூக்கியது. லைன்ஸ்மேன் கொடி, இருபத்தொன்பதாம் வருஷத்தது, அவருடைய உயிர். எந்த நிறத்தில் தைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத அளவுக்கு அழுக்கு.

"ஆஃப்சைடு! நேத்திக்குத் தச்ச சட்டைய நனைச்சுண்டு வந்திருக்கே. அந்த அசல் சட்டைய டோபி அன்னிக்கே முழுங்கியாச்சு. இருபது கழுதை வெச்சிண்டு..."

"ஒரு கழுதை," என்றாள் யசோதா.

"என்ன?"

"ஒரே ஒரு கழுதைதான் சார் இருந்துச்சு. அதுக்கும் ஒரு கண்ணு தெரியாது. அந்த டோபி இதோ உக்காந்திருக்காங்க. எங்கம்மா. நான் டோபி பொண்ணு. ஆறு மாசமா உங்க ஜோக்குக்கு நானும் சிரிச்சேன். இனிமே சிரிக்கமாட்டேன்."

நோராவின் கையில் டீ கெட்டில் அப்படியே நின்றது. கிழவர் கொடியை இறக்கவில்லை. "அதுக்கு நான் என்ன பண்றது? அபிப்பிராயம் வேற, ஆதாரம் வேற. வெளுத்துத்தானே இருக்கு? அப்போ டோபிகிட்ட போயிருக்குன்னுதானே அர்த்தம்?"

பாஞ்சாலி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சட்டையின் இடது கையை விரித்தாள்.

"வெளுத்தது இன்னிக்குக் காலைல, சாமி. இது இன்னா?"

தியோடர் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "ரத்தம். எடது கைலதான் தொடச்சாரு. நான் கோல் போஸ்ட் பின்னாடி நின்னேன் மேன், மூணு தடவை தொடச்சாரு!"

"ரத்தம்தான். சூடு ஆறாத ரத்தம்னா பச்சத்தண்ணியும் உப்பும் போதும், பத்து நிமிசத்துல போயிரும். பட்டாளத்து ஆசுபத்திரித் துணியெல்லாம் நாந்தான் வெளுத்தேன். வருசக்கணக்கா ஊறிப்போன ரத்தம்தான் போகாது. அன்னிக்கு ராத்திரியே இது என் கைக்கு வந்திருந்தா இந்தக் கறை இருக்காது. இருக்குது. அப்போ வரல."

"வாயால சொன்னா ஆச்சா?" என்றார் சீனிவாசராகவன். "பச்சத்தண்ணில ரத்தம் போயிடும்ங்கறதுக்கு ஆதாரம்?"

"ஆதாரம்தானே சாரே வேணும்?" என்று ஆம்ப்ரோஸ் துள்ளினார். ஒடிந்த ஸ்போக் கம்பி ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரலில் ஒரே குத்து. ஆர்வத்தில் கொஞ்சம் ஆழமாகவே குத்திவிட்டார். "அய்யோ மாதாவே!" என்று கையை உதறினார். உதறிய வேகத்தில் சீனிவாசராகவனின் பாலாடை போன்ற அங்கவஸ்திரத்தில் பொட்டுப் பொட்டாக ஏழெட்டுச் சொட்டு.

"பெருமாளே! அடப்பாவி, இது தீபாவளி வஸ்திரம்டா!"

பாஞ்சாலி அவர் தோளிலிருந்து அதை உருவிவிட்டாள். நோரா உப்பு ஜாடியோடு ஓடி வந்தாள். பங்ச்சர் தொட்டித் தண்ணீரைக் கொட்டி, குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்தாள் யசோதா. எல்லாரும் தொட்டியைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். தியோடர் வாட்சைப் பிடித்தார். "ஒரு நிமிஷம்... ரெண்டு..." பாஞ்சாலியின் கை அவசரப்படவில்லை. கசக்கினாள், அலசினாள், உப்பைத் தூவினாள், மறுபடி கசக்கினாள். ஆறாவது நிமிஷத்தில் பிழிந்து, உதறி, விரித்துக் காட்டினாள்.

சீனிவாசராகவன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு துணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"காணோம்," என்றார்.

"இன்னா காணோம்?"

"கறையக் காணோம்." கக்கத்துக் கொடி பாதி நழுவியது. "அப்படின்னா இத்தனை வருஷமா இந்தச் சட்டை எங்கே இருந்தது?"

"பென்சன் டவுன்ல," என்றாள் யசோதா. "பச்சை கேட்டு பங்களா. வாசல்ல ரெண்டு மாமரம். பெரியவர் இறந்துட்டார்னு குஜ்ரிக்காரர் சொன்னார்."

கிழவர் பக்கத்திலிருந்த சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "வெங்கடசாமி பங்களான்னா அது! போன மாசம்தானே மாலை போட்டுட்டு வந்தேன்! கிளப் செக்ரட்டரி... டோபி தொலைச்சான்னு நோட்டுல எழுதினவனே அவன்தானே! களவாணி! சட்டைய ஆத்துக்குள்ளயே வெச்சிண்டு, பதினேழு வருஷமா எனக்குக் கழுதைக் கதை சொல்லியிருக்கான்!"

முதலில் சிரித்தது ஆம்ப்ரோஸ்தான், விரலை வாயில் வைத்துக்கொண்டே. அப்புறம் நோரா. அப்புறம் தியோடர், கரப்பான் விசிலை ஊத முயன்று ஊத முடியாமல். பாஞ்சாலி சிரிக்கவில்லை. கிழவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டார். பேரன் பேத்தி எடுத்த மனுஷர், கை கூப்பினார்.

"தப்பும்மா. நாக்குத் தப்பு. எந்தெந்த வீட்ல அந்தக் கதைய சொன்னேனோ அத்தனை வீட்டுக்கும் போய் மாத்திச் சொல்றேன்."

"ஒக்கலிபுரத்துல முப்பத்தாறு வீடு," என்றாள் பாஞ்சாலி.

"முப்பத்தாறும் போறேன்."

"நான் கூட வந்து எண்ணுவேன் சார்," என்றாள் யசோதா.

அவர் கொடியை மேசைமேல் போட்டுவிட்டு, தானே மணியை எடுத்து அடித்தார். அடி என்றால் அப்படி ஒரு அடி. "கோல்!" என்று ஐந்து பேரும் கத்திய கத்தலில் எதிர்ச்சாரி இட்லிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார்கள். யசோதா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த ஈரத் தரையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பாஞ்சாலிக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது; வந்தது நிற்கவில்லை.

நின்றபோது அவள் கண் மேசைமேல் கிடந்த கொடியின் மேல் விழுந்தது. இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். முகம் சுளித்தாள்.

"இது இன்னா சாமி இவ்ளோ அழுக்கு? தொட்டில தண்ணி இருக்குது, உப்பும் இருக்குது. இப்பவே வெளுத்துக் குடுத்துடறேன்."

"வேணாம்!" என்று அந்தப் பைத்தியங்கள் நாலு பேரும் ஒரே குரலில் அலறிக்கொண்டு அவள் கையைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். முதலில் பாய்ந்தவள் யசோதா.