திருடத் தெரியாத திருடி

எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு ரொம்பச் சுலபம். மாமா பூட்டுவார், நான் திறப்பேன்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பெரிய கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்தவர். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, இரண்டடி நடந்து, சந்தேகம் வந்து திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்க்கிற ஆள். இப்போது ஞாபகம் விட்டு விட்டுத்தான் வருகிறது. சில நாள் பெற்ற மகனின் பெயர் வராது, சாப்பிட்டோமா இல்லையா என்பது வராது. ஆனால் வெயில் இறங்கியதும் பூட்ட வேண்டும் என்பது மட்டும் மறக்காது. அலமாரி, மாடிக் கதவு, என் தையல் மெஷினின் மூடி என்று எதையும் விடமாட்டார். ஒருநாள் ஃபிரிட்ஜைச் சங்கிலி சுற்றிப் பூட்டிவிட்டார். அன்று எல்லோரும் வெறும் ரொட்டிதான் சாப்பிட்டோம்.

சாவி எங்கே என்று கேட்டால், பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பார். பொய்யில்லை. அவருக்கே கிடைக்காத அளவுக்குப் பத்திரமாக வைத்திருப்பார். நான் ஒளித்து வைக்கிற மாற்றுச் சாவியையும் தேடி எடுத்து, அதைவிடப் பத்திரமான இடத்துக்கு மாற்றிவிடுவார். பூட்டையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். போட்டும் பார்த்தேன். அன்று மாமா படுக்கவே இல்லை. சரக்குக்கு யார் பொறுப்பு, யார் பொறுப்பு என்று கதவருகே நின்று குழந்தை மாதிரி அழுதார். மறுநாள் நானே கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன்.

சாவியில்லாமல் பூட்டுத் திறக்க நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். கைபேசியில் யாரோ செய்து காட்டுகிற வீடியோக்கள்தான் என் பள்ளிக்கூடம். பூட்டுக்குள் குட்டிக் குட்டியாகக் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பிரிங். சாவி போட்டால் எல்லாம் சரியான உயரத்துக்கு வந்து நிற்கும். சாவி இல்லாதவள் ஒரு வளைந்த தகட்டை நுழைத்து லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட வேண்டும். பூட்டு பிடிவாதம் பிடித்தால் முக்கால்வாசி நேரம் தப்பு பூட்டின் மேல் இல்லை. நான்தான் ஆத்திரத்தில் அழுத்தியிருப்பேன். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் உள்ளே ஒன்று டிக்கென்று உட்காரும். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை. தைத்துக் கொடுக்க வேண்டிய துணியெல்லாம் மலையாகக் கிடக்க, நான் மடியில் பூட்டோடு உட்கார்ந்திருப்பேன். மாமா எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். திறந்ததும் வாங்கிப் பூட்டி, மறுபடி என்னிடமே நீட்டுவார். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டு நடப்பு என் நாத்தனாருக்குச் சிரிப்பாக இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருப்பார்கள், உனக்கும் முதுகு நிமிரும் என்று என்னிடம் நல்லபடியாகத்தான் பேசினாள். அங்கே எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது என்பதை ஒரு வசதியாகவே சொன்னாள். பூட்டில்லாத அந்த ஒரு ராத்திரி மாமா கதவருகே நின்று அழுததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் கணவருக்கோ இரண்டு பக்கமும் இழுபறி. சரக்கு வேன் ஓட்டுகிறவர், பாதி நாள் ரோட்டில்தான். கடைசியில், "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா அக்கா சொல்றபடியே செஞ்சிரலாம்" என்று முடித்துவிட்டார். 

அந்த இன்னொரு தடவை, மறுவாரமே வந்தது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். கூடையோடு இறங்கி வந்தால், வாசல் இரும்பு கிரில் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த அதே புதுப் பித்தளைப் பூட்டு. உள்ளே ஸ்டூல் போட்டு மாமா காவலுக்கு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் அறிமுகமே இல்லை. கிடங்கு மூடியாச்சு, எதுவானாலும் நாளைக்கு வாங்க என்றார். நான்தான் மாமா என்று கெஞ்சினேன். எல்லாத் திருடரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

பால் பொங்கி அடுப்பு அணைந்தால் வீடு முழுக்க கேஸ். மருமகளாகப் பேசிப் பிரயோஜனமில்லை என்று புரிந்ததும், கிடங்கு ஆள் மாதிரி ஒரு குரல் கொடுத்தேன். "ஐயா, உள்ள தீ எரியுது. சரக்குப் பக்கத்துல தீ வைக்கலாமா?" மாமா துள்ளி எழுந்தார். சமையலறைக்குப் போனார். அடுப்பை மூடிய சத்தம் கேட்டது. எவன் வைத்தான் என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம்தான் அடுத்த கவலை. என் கணவர் வீடு திரும்புகிற நேரம் நெருங்கியிருந்தது. இந்தக் கோலத்தைப் பார்த்தால் அக்காவுக்குப் போன் போட்டுவிடுவார். அதற்குள் திறந்துவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும். கருவியெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி வளைத்தேன், தோளில் குத்தியிருந்த சேஃப்டி பின்னை நிமிர்த்தினேன். கிரில் கம்பிகளுக்கு நடுவே இரண்டு கையையும் நுழைத்துப் பூட்டைப் பிடித்தேன். சாவித் துவாரம் மாமாவைப் பார்த்து இருந்தது. எனக்குத் தெரிந்தது பூட்டின் முதுகுதான்.

ஒன்றுமே பிடிபடவில்லை. உள்ளே கம்பிகள் தொட்டால் எழும்பும், விட்டால் இறங்கும், ஒன்றுகூட நிற்காது. அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். ஹேர்பின் நழுவிக் கீழே விழுந்தது, எடுத்து மறுபடி நுழைத்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. எதிரே மாமா முழங்காலில் கை ஊன்றி, குனிந்து, என் விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"திருடத்தான் வந்திருக்க, சரி. அதையாவது ஒழுங்காக் கத்துக்கிட்டு வரக் கூடாதா? அந்தப் பக்கம் திருப்பினா எந்தப் பூட்டும்மா திறக்கும்?"

எனக்கு உறைத்தது. எப்போதும் துவாரத்தை என் பக்கம் வைத்துத் திறந்து பழகிய கை, பின்னால் இருந்து வேலை செய்யும்போதும் அதே பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. துணியை உள்பக்கமாகப் போட்டு வெட்டினால் சட்டையின் வலது கை இடது கையாகிவிடும் என்பது தையல்காரிக்குத் தெரியாதா? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹேர்பின்னை மறுபக்கம் தள்ளிப் பிடித்தேன். முதல் கம்பி டிக்கென்று உட்கார்ந்தது.

மாமாவுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தார்.

"நீ எம் மருமகளைப் பார்க்கணும். எந்தப் பூட்டா இருந்தாலும் தொறந்துருவா. அவ இருக்கான்னுதான் நான் தைரியமாப் பூட்டறேன். சாவிய எங்க வக்கிறேன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. அவ மட்டும் இல்லன்னா பூட்டுவேனா? பயந்துகிட்டு நின்னுகிட்டே இருப்பேன்."

என் கை நின்றுவிட்டது. பழக்கத்தில் பூட்டுகிறார், என்ன செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறக்கிறோம் என்பதும் தெரிந்திருக்கிறது. அதற்கு மருந்தாக அவர் நம்பியது என்னைத்தான். முன்னால் நிற்கிறவள் யாரென்று தெரியாமல், என்னிடமே என்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு கையும் கம்பிக்குள் மாட்டியிருந்ததால் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

பின்னால் ஒரு செருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் என் கணவர், வேன் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கதவு பூட்டியிருப்பதையும் பார்த்தார், என் கையிலிருந்த ஹேர்பின்னையும் பார்த்தார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. நான் திரும்பிப் பூட்டின் பக்கம் பார்த்தேன். அழுத்தாமல், கோபப்படாமல், ஒவ்வொன்றாகத் தூக்கினேன். கடைசிக் கம்பி உட்கார்ந்ததும் பூட்டுக்குள் உருளை சுழன்று, வளையம் துள்ளித் திறந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்தேன். மாமா எழுந்து நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் அப்படியே மாறியது.

"எங்கம்மா போயிட்ட இவ்வளவு நேரம்? இப்பத்தான் ஒரு திருடி வந்தா. பாவம், ஒண்ணும் தெரியாதவ. நான் பேச்சுக் கொடுத்தே சமாளிச்சுட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க மாமா" என்றேன். அவர் பூட்டை என் கையிலிருந்து வாங்கி, வளையத்தை அழுத்தி மூடி, வழக்கம்போல இழுத்துப் பார்த்தார்.

என் கணவர் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நின்றார். பாக்கெட்டிலிருந்து கைபேசியை எடுத்தார். நான் துணிக்கூடையை உள்ளே இழுத்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அக்கா என்று அழைத்தார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். இல்லக்கா, அந்த இடம் வேண்டாம், அப்பா இங்கேயே இருக்கட்டும், நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வளைந்துபோன ஹேர்பின்னை என் விரலிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"எனக்கும் கத்துக்கொடு" என்றார். "நீ இல்லாத நேரத்துலயும் அப்பா பயப்படாமப் பூட்டணும்."