அத்தைக்கு ஒரு அடாப்டர்

என் மாமியார் எர்மீனியா, ஒரு பொருள் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றுதான் சொல்வார். இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்பவர்கள் மான் வேட்டைக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

எங்கள் சொனொய்ட்டா பக்கத்து மலைகளில் வேட்டை என்பது முக்கால்வாசி பார்ப்பதுதான். விடிவதற்குள் ஒரு மேட்டில் போய் உட்கார்ந்து, எதிர்ச் சரிவை பைனாகுலரில் அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். இங்கே திரியும் வெள்ளைவால் மான் நன்றாக வளர்ந்த ஓர் ஆட்டின் அளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் சாம்பல். அசையாமல் நின்றுவிட்டால் காய்ந்த புல்லோடு புல்லாகிப் போகும். கூட வந்தவர்களில் ஒருவர் கண்டுபிடித்து, "அதோ, வெளுத்த பாறைக்கு இடப்பக்கம்" என்பார். இன்னொருவர் கொஞ்ச நேரம் தேடிப் பார்ப்பார், சலிப்பாகிவிடும், "ஆமாமா, தெரியுது" என்பார். தெரிந்திருக்காது. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், என் அண்ணன் கார்லண்டும் சொல்லியிருக்கிறான். மலைக்குப் போகிற எல்லோரும் சொல்வதுதான்.

அத்தை நோகாலெஸில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற வருடம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி லூர்தெஸ் ஆஸ்பத்திரி நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அவளுக்கு வேலை இருக்கும். நானும் அண்ணனும் மலைக்குக் கிளம்புவோம். வீட்டில் தனியாக இருந்து அலுத்துப்போய், நவம்பரில் ஒரு நாள் அத்தை கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க போயி அப்படி என்னதான் பாக்கறீங்க மாப்ளே? நானும் வரேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் காபி பிளாஸ்கைப் பார்த்தேன்.

அன்றைக்கு எங்களிடம் அனுமதிச் சீட்டு இல்லை. டிசம்பர் வேட்டைக்கு முன்னால் எந்தச் சரிவில் மான் மேய்கிறது என்று பார்த்து வைக்கத்தான் போனோம். என்னிடம் இருந்த பழைய பைனாகுலரை டிரைபாடில் மாட்டி அத்தைக்கு முன்னால் வைத்தேன். மாட்டுவதற்கு ஒரு அடாப்டர் உண்டு. இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி மடக்கிய கனமான அலுமினியத் துண்டு. ஒரு முனை டிரைபாடின் தலையில் உட்காரும், இன்னொரு முனை பைனாகுலரின் இரண்டு குழல்களுக்கு நடுவில் இருக்கும் கீலில் திருகப்பட்டிருக்கும். யானை ஏறி நின்றாலும் வளையாது என்று சொல்லி விற்றார்கள். உண்மைதான்.

அண்ணன் ஒரு பெட்டை மானைக் கண்டுபிடித்து இடம் சொன்னான். நான் அத்தையின் பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பி, மான் நடுவில் வரும்படி வைத்துக் கொடுத்தேன்.

"தெரியுதா அத்தை?"

"ரெண்டு வட்டம் தெரியுது. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது. மானைக் காணோம்."

குழல்களை நெருக்கி வைத்துக் கொடுத்தேன். அப்போதும் இரண்டு வட்டம்தான். ஃபோகஸைத் திருப்பிப் பார்த்தேன். பலனில்லை.

"பாக்கத் தெரியல அவங்களுக்கு" என்றான் அண்ணன். "தெரியுதுன்னு சொல்லிடுங்க அத்தை. குளிருது, பசிக்குது, அடுத்த மேட்டுக்குப் போவோம்."

"வலிக்காது வலிக்காதுன்னு சொல்ற பல் டாக்டர்கிட்ட இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், பெரிய மாப்ளே. பொய்யெல்லாம் அவர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். எனக்குத் தெரியல."

எரிச்சலோடு பைனாகுலரை அடாப்டரிலிருந்து கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணில் வைத்து, குழல்களை நெருக்கி, இன்னும் நெருக்கினார்.

"ஏ! ஒண்ணாயிடுச்சு மாப்ளே! ஒரே வட்டம்!" உடனே உதட்டைப் பிதுக்கினார். "ஆனா கை ஆடுது. மலையே நடுங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்குக் கண்கள் கிட்டக் கிட்ட இருப்பவை. எங்கள் இருவருக்கும் அகன்ற முகம். அடாப்டரின் தடித்த தண்டு குழல்களுக்கு நடுவில் முட்டிக்கொண்டு, அவர் கண்களின் அளவுக்கு அவை மூட விடாமல் தடுத்திருக்கிறது. 'தெரியுது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கச் சொல்லு" என்றான் அண்ணன்.

"ஒரு கண்ணால பாக்கறதுக்கு எதுக்கு ரெண்டு குழல்?" என்றார் அத்தை. "மாப்ளே, வேற சாமான் விக்கிற கடை எங்க இருக்கு?"

அந்த வாரமே டூசானுக்குப் போனோம். வேட்டைச் சாமான் கடையில் தாடிக்காரர் ஒருவர் இருந்தார். அத்தை அந்தப் பழைய பைனாகுலரை மேசையில் வைத்து, தன் பிரச்சினையை மருத்துவரிடம் சொல்வது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவர் மூன்று அடாப்டர்களை எடுத்துப் போட்டார்.

முதலாவது என்னுடையதைப் போலவே தடியானது. அத்தை மாட்டிப் பார்த்து, குழல்கள் முட்டியதும் ஒதுக்கிவிட்டார்.

இரண்டாவது ஒரு சின்னப் பலகை மாதிரி. பைனாகுலரை அதன்மேல் உட்கார வைத்து ரப்பர் பட்டையால் இறுக்க வேண்டும். நடுவில் தண்டு கிடையாது. குழல்கள் நன்றாக நெருங்கின. கீலில் மரை இல்லாத பழைய பைனாகுலர் வைத்திருப்பவர்கள் இதைத்தான் வாங்குவார்கள் என்றார் கடைக்காரர். எனக்கு அதுவே போதும் என்று பட்டது. அத்தை அசையவில்லை.

"இதை வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாமா?"

"எங்கேம்மா?"

"கார் நிறுத்தற எடத்துக்கு. உங்க கடைக்குள்ள காத்து அடிக்காதே."

டிரைபாடைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மூவரும் வெளியே போனோம். மைதானத்தின் மறு கோடியில் நின்ற ஒரு லாரியின் நம்பர் பலகையைப் பார்த்தார். பிறகு விரலால் டிரைபாடின் காலைச் சுண்டிவிட்டு மறுபடி பார்த்தார். எழுத்துகள் ஆடி ஆடி நிற்க நேரமாயிற்று. பட்டை ரப்பர் அல்லவா, காற்றிலும் லேசாக அதிர்ந்தது. அடுத்து பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதற்காகப் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். கையுறையோடு கழற்ற வரவில்லை.

"அங்க காலையில விரல் மரத்துப் போகும். இது வேண்டாம்."

மூன்றாவது பென்சில் தடிமனில் ஒரு முளை, அவ்வளவுதான். கீலின் முன்பக்கத்து மூடியைத் திருகி எடுத்துவிட்டு அந்த மரையில் முளையை முடுக்கிவிட்டால் அது பைனாகுலரோடேயே இருக்கும். டிரைபாடின் தலையில் ஒரு கிண்ணம். முளையை அதற்குள் இறக்கிச் சின்ன நெம்புகோலைத் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். நெம்புகோலை விடுவித்தால் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். அத்தை கையுறையோடு நாலைந்து தடவை இறக்கித் தூக்கினார். குழல்களை நெருக்கினார். காலைச் சுண்டிவிட்டுப் பார்த்தார். எழுத்து ஒருமுறை சிலிர்த்து நின்றுவிட்டது.

"ஒரே வட்டம்" என்றார். "ஓட்டுறவர் கண்ணாடியில ஒரு ஜெபமாலை தொங்குது. அதுல சிலுவை உடைஞ்சிருக்கு."

தாடிக்காரர் அந்த லாரி வரை நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அம்மா, உங்களுக்கு இங்க வேலை வேணுமா?"

"முளை தானா கழண்டுக்காதே?"

"ஸ்பேனர் போட்டு முடுக்கித் தரேன்."

"நீங்க முடுக்குங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

அதற்குப் பிறகு அத்தை வீட்டின் பின்பக்கமே குடித்தனம் நடத்தினார் எனலாம். மாலையில் நாற்காலியைப் போட்டு எதிர்க் குன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் பார்க்கும்போது பைனாகுலரை ஓயாமல் இங்கும் அங்கும் திருப்புவோம். அவர் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வார். அந்த வட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் பார்த்து முடித்தால்தான் அடுத்த இடம்.

டிசம்பரில் குலுக்கலில் சீட்டு அண்ணனுக்கு விழுந்தது. ஒரு சீட்டுக்கு ஒரு மான். அதற்கு மேல் ஒன்றைச் சுட்டால் சட்டப்படி குற்றம், ஊருக்குள்ளும் தலை காட்ட முடியாது.

அன்று காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. அத்தை தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு டிரைபாடின் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெயில் எதிர்ச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"ஓக் மரத்தடியில ஒரு காது ஆடுது" என்றார்.

"எந்த ஓக்? ஆயிரம் ஓக் இருக்கு" என்றான் அண்ணன்.

"கட்டையா ஒரு ஜூனிப்பர் மரம் நிக்குதுல்ல, அதுக்கு நேர் கீழ. காது மட்டும்தான் தெரியுது. கொம்பு இருக்கான்னு தெரியல."

வெகுநேரம் கழித்து அந்தக் காது எழுந்து நின்றது. கொம்பும் இருந்தது. அண்ணன் பையின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, மூச்சை அடக்கி, சுட்டான். பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. துப்பாக்கி உதைத்ததில் அவன் தொலைநோக்கியிலிருந்து மலையே விலகிப் போனது. என் கையில் இருந்த பைனாகுலரும் சத்தத்தில் துள்ளிவிட்டது. திரும்ப அந்த இடத்தைத் தேடினால் எல்லாம் ஒரே புல், ஒரே புதர்.

"எங்க போச்சு? எங்கடா போச்சு?"

"ஜூனிப்பருக்குள்ள போயிடுச்சு" என்றார் அத்தை.

அவர் சொல்லி முடிப்பதற்குள் சரிவின் மேல்பக்கத்தில் ஒரு கொம்பன் மான் ஓடியது. ஜூனிப்பருக்குக் கொஞ்சம் தள்ளித்தான். பத்தடி ஓடி, பக்கவாட்டில் நின்று, திரும்பிப் பார்த்தது.

"அதோ! நொண்டுது பாரு!" அண்ணன் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டான்.

"அது உங்க மான் இல்ல, பெரிய மாப்ளே."

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க."

"உள்ள போனது வெளிய வரல. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"அடிபட்டதை விட்டுட்டா எங்கயாவது கிடந்து துடிச்சுச் சாகும். அந்தப் பாவம் யாருக்கு?" என்றான் அண்ணன். அவன் முரடன்தான், ஆனால் காயப்பட்ட விலங்கை விட்டுவிட்டு ஒருநாளும் வீடு திரும்பாதவன். "நீங்க சத்தத்துல குலுங்கினதை நான் பாத்தேன்."

"நான் குலுங்கினேன். கண்ணாடி குலுங்கல. அது அங்கயேதான் பாத்துக்கிட்டு நிக்குது."

நான் குறுக்கே கேட்டேன். "அத்தை, உள்ள போனது செத்துச்சா?"

"அது தெரியல மாப்ளே. கிளை மறைக்குது. குண்டு எங்க பட்டுச்சுன்னும் தெரியல. வெளிய வரலைங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அண்ணன் முப்பது வருடமாக இந்த மலைகளில் வேட்டையாடுகிறவன். அத்தைக்கு இது ஐந்தாவது ஞாயிறோ ஆறாவது ஞாயிறோ. ஆனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தெரியாதது இன்னின்னது என்று இவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொல்கிறவர், தெரியும் என்று சொல்வது ஒன்றே ஒன்று.

"அண்ணே, சுடாத" என்றேன்.

அவன் விரல் விசையை விட்டு இறங்க நெடுநேரம் ஆனது போல இருந்தது. மேலே நின்ற கொம்பன் ஒருமுறை வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டிவிட்டு மேட்டைத் தாண்டி மறைந்தது. அண்ணன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"போச்சு. என் மான் போகுது. ரெண்டு பேரும் சேர்ந்து அனுப்பி வச்சுட்டீங்க."

அத்தை கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் நீட்டி, "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கயிருந்து கை காட்டறேன்" என்றார்.

கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினோம். அண்ணன் எனக்குச் சில அடி பின்னாலேயே வந்தான். கீழே போன பிறகு எந்த ஜூனிப்பர் என்றே புரியவில்லை. அருகில் போனால் எல்லா மரமும் வேறு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தோம். அத்தை தூரத்தில் ஒரு புள்ளியாக எழுந்து நின்று வலது பக்கம் கை காட்டினார். போனோம். இன்னும் மேலே என்றார். போனோம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார்.

ஜூனிப்பரின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் மான் கிடந்தது. குண்டு தோளுக்குப் பின்னால் சரியான இடத்தில் பட்டிருந்தது. மூன்று தாவல்கூடத் தாவியிருக்காது. துடித்த அடையாளமும் இல்லை.

அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். மானின் கழுத்தைத் தடவினான். மேலே, அந்த இன்னொரு கொம்பன் போன மேட்டைப் பார்த்தான்.

"சுட்டிருப்பேன்டா லைல்" என்றான். "சத்தியமா சுட்டிருப்பேன். அதுவும் நல்ல மான். ஒண்ணும் பண்ணாத மான்."

பிறகு எழுந்து, எதிர்மேட்டைப் பார்த்துத் தொப்பியை உயர்த்திப் பிடித்தான். அசைக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டே நின்றான். அங்கிருந்து அத்தையும் ஒரு கையைத் தூக்கினார்.

இறைச்சியை இரண்டு பைகளில் கட்டித் தூக்கிக்கொண்டு நாங்கள் மேடேறி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அத்தை தாளில் சுற்றிய பர்ரீட்டோக்களைப் பிரித்து வைத்திருந்தார். ரொட்டியில் மச்சாக்கா என்ற காய்ந்த இறைச்சியும் முட்டையும் வைத்துச் சுருட்டியது, வெயிலில் வைத்துச் சூடுபடுத்தியிருந்தார். அண்ணன் பையை இறக்கிவிட்டு அவர் முன்னால் நின்றான்.

"அத்தை, உங்ககிட்ட பேசின பேச்சுக்கு…"

"உக்காந்து சாப்பிடுங்க முதல்ல."

"இல்ல, நான் ஒண்ணு கேக்கணும். உங்களுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரலையா? நான் அந்தக் கத்து கத்தறேன். ஒருவேளை நாமதான் தப்பா பாத்துட்டோமோன்னு?"

அத்தை யோசித்தார். அவசரமில்லாமல்தான் யோசித்தார்.

"வந்துச்சு. அதனாலதான் கண்ணை எடுக்காம இருந்தேன். எடுத்திருந்தா உங்க பேச்சை நம்பியிருப்பேன்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தான். இரண்டு வாய் மென்றதும் அத்தை மறுபடி பேசினார்.

"இன்னொண்ணும் பாத்தேன். ஜூனிப்பரைத் தேடறப்ப நீங்க கத்தாழை மேல உக்காந்தீங்கல்ல, பெரிய மாப்ளே. சுத்தும் முத்தும் பாத்துட்டு எழுந்தீங்க."

நான் காபி புரையேறச் சிரித்தேன். அண்ணன் காது மடல் சிவந்தது.

"அது தெரியலைன்னு சொல்லியிருக்கலாம் அத்தை."

"நல்லா தெரிஞ்சுது" என்றார் அவர்.

கிளம்பும்போது அண்ணன் பெரிய பையைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். அத்தை நெம்புகோலை விடுவித்து, ஒற்றைக் கையால் பைனாகுலரைத் தூக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டிரைபாடை மடக்க நான் கை நீட்டினேன். அதற்குள் அண்ணன் அதை எடுத்து, மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, மண்ணைத் துடைத்து, தோளில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தான். சரிவில் கல் உருளும் இடங்களில் எல்லாம் நின்று திரும்பி, அத்தைக்குக் கை கொடுத்தான்.