முந்தின நாளே அச்சான சம்மதம்

கூட்டம் நாளைக் காலை பத்து மணிக்கு. அதில் என்ன பேசி முடித்தார்கள் என்ற குறிப்பை இன்று மத்தியானமே என் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்து நீட்டினார் அணைத் திட்ட ஆபீஸ் குமாஸ்தா.

"இருபது காப்பி. சீக்கிரம்மா."

கடை மலையடிவாரத்தில் இருப்பதால் என்னையும் கீழே உள்ளவள் என்று நினைத்துவிட்டார் மனுஷன். என் பிறந்த வீடு மேலே, மலையில். அங்கே அணை கட்டினால் முதலில் முங்கப்போவது எங்கள் அப்பாவைப் புதைத்த மேடுதான்.

முதல் தாள் வெளியே வந்தது. 'அணைத் திட்டம் விளக்கப்பட்டது. மலைமக்கள் ஒருமனதாகச் சம்மதித்தனர்.' அவருக்குத் தெரியாமல் இருபத்தொன்று எடுத்தேன்.

சாயங்காலமே மலையேறி அந்த ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். எங்கள் சனத்துக்காகப் பேசுகிறவர் அவர்தான். பேச்சில் பாதி கிண்டல்.

"பரவாயில்லையே, நம்ம வேலையையும் அவங்களே முடிச்சுட்டாங்க," என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அதிகாரி அம்மா, "உங்க கருத்தைச் சொல்லுங்க," என்றதும் சித்தப்பா எழுந்துபோய்த் தாளை நீட்டினார்.

"நேத்தே சொல்லிட்டோமாம், அம்மா. என்ன சொன்னோம்னு நீங்களே படிங்க."

படித்தவர் முகம் சிவந்துவிட்டது. குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். குமாஸ்தா அசடு வழிய என்னைப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது, அந்த ஆபீஸ் வேலையை நம்பித்தான் என் கடையே ஓடுகிறது. இருந்தாலும் நான் தலையைக் குனியவில்லை.

அதிகாரி தாளைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்கம்மா. அது எங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார் சித்தப்பா.

"சரி. நாங்க என்ன செய்யணும்?"

"மலைக்கு வாங்க. எங்க பேச்சுல விளக்குங்க. எங்க ஆளுங்களைப் புதைச்ச மேட்டை ஒரு தடவை கண்ணால பாருங்க. யோசிக்க நாள் குடுங்க. வேண்டாம்னு சொன்னா, அதையும் அப்படியே எழுதுங்க."

அதிகாரி பேனாவை மூடிவைத்து, "வர்றேன்," என்றார்.

அடுத்த வாரம் குமாஸ்தா மறுபடி கடைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார். மேலே 'மலைமக்கள் சொன்னது' என்று தலைப்பு. கீழே வெறும் வெள்ளை.

"கீழ ஒண்ணுமே இல்லையே சார்?"

"இன்னும் யாரும் எதுவும் சொல்லலையேம்மா," என்று முணுமுணுத்தார். "இருபது போதும்."

"இருபத்தொண்ணு எடுக்கிறேன் சார். ஒண்ணு எங்க சித்தப்பாவுக்கு," என்றேன், சத்தமாகவே.

"எடும்மா," என்றார்.